புதிய பொருளைத் தேடும் முன் ரிஜெக்ட் தொட்டியைக் கொட்டிப் பாருங்கள்

தொழிற்சாலையில் "பொருளின் தரத்தைக் கூட்ட வேண்டும், சுற்றுச்சூழல் பாதிப்பையும் குறைக்க வேண்டும்" என்று முடிவானதும் பெரும்பாலும் ஒரே காட்சிதான் நடக்கும். யாரோ ஒருவர் கேட்லாக்கைத் திறப்பார். மறுசுழற்சி செய்த பிளாஸ்டிக், தாவர எண்ணெயில் செய்த ரெசின் என்று ஒரு மூட்டை சாம்பிள் வந்து இறங்கும். ஒரு மதியம் ஓட்டிப் பார்ப்பார்கள். பாதித் துண்டுகள் உடையும். "இது நமக்குச் சரிப்படாது" என்று பழைய பொருளுக்கே திரும்பிவிடுவார்கள். சாம்பிள் மூட்டை மூலையில் தூசி படிந்து கிடக்கும்.

எனக்கு இதில் தப்பாகத் தெரிவது வேலையின் வரிசை. இப்போது கையில் இருக்கும் பொருள் ஏன் கெடுகிறது என்று தெரியாமல் புதியதை ஓட்டினால், அது கெட்டதற்கும் காரணம் தெரியப்போவதில்லை. அதனால் இந்த வழிகாட்டி கேட்லாக்கில் தொடங்காமல், தரம் தேறாமல் தள்ளிய துண்டுகள் கிடக்கும் ரிஜெக்ட் தொட்டியில் தொடங்குகிறது. பெரிய ஆய்வகம் தேவையில்லை. தராசு, மின்சார மீட்டர், உடைத்துப் பார்க்க ஒரு சோதனைக் கருவி, பொறுமை, இவை போதும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரே உதாரணத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்கிறேன்: கண்ணாடி இழை கலந்த நைலான் 6-இல் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் (உருக்கி மோல்டு என்ற அச்சுக்குள் அழுத்திச் செலுத்துவது) செய்யும் ஒரு பிராக்கெட். ரன்னரையும் (அச்சுக்குப் பொருள் போகும் வழியில் உறைந்து மிஞ்சும் துண்டு) ரிஜெக்ட்டையும் அரைத்து மறுபடி கலக்கிறார்கள், அதாவது ரீகிரைண்ட். உடைசல் அதிகம். எல்லோரும் ரீகிரைண்டைத்தான் குற்றம் சொல்கிறார்கள். உங்களுடையது வார்ப்பிரும்பாகவோ பெயின்டாகவோ இருக்கலாம், வழி மாறாது.

படி 1: ஒரு வாரம் எதையும் அரைக்காதீர்கள்

கிரைண்டருக்குள் போன துண்டு சாட்சி சொல்லாது. ஒரு வார ரிஜெக்ட்டை மெஷின், ஷிப்ட், நேரம் எழுதிய சீட்டோடு தனித்தனிப் பையில் சேருங்கள். வாரக் கடைசியில் பெரிய மேசையில் கொட்டி, கெட்ட விதத்தைப் பார்த்துப் பிரியுங்கள். மேலே வெள்ளிக்கோடு ஓடியவை ஒரு குவியல், முழுசாக நிரம்பாதவை ஒன்று, வளைந்தவை ஒன்று, மாட்டும்போது உடைந்தவை ஒன்று.

குவியல்கள் ஒரே அளவில் இருப்பது அபூர்வம். ஏதோ ஒன்று மலைபோல் நிற்கும். அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மற்றவை காத்திருக்கட்டும். நம் உதாரணத்தில் வெள்ளிக்கோடும் உடைசலும் பெரும்பாலும் ஒரே துண்டில் சேர்ந்து வருகின்றன என்று வையுங்கள். இதுவே பாதி விடை. நைலான் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரத்தோடு உருகினால் நீராவி மேற்பரப்பில் கோடு போடும், அதே நீர் நைலானின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளையும் (பாலிமர்) வெட்டிவிடும். சங்கிலி குட்டையானால் துண்டு நொறுங்கும். மோல்டிங்குக்கு முன் ஈரப்பதம் 0.2 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது நைலான் 6-க்கான வழக்கமான வரம்பு.

படி 2: மெஷின் பக்கத்தில் நிற்பவரிடம் சரியான கேள்வியைக் கேளுங்கள்

பணியிடப் படைப்பாற்றல் என்றதும் வண்ண நாற்காலி, சுவரில் ஒட்டுச்சீட்டு, எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்து "ஐடியா சொல்லுங்க" என்பது, இவைதான் பலருக்கு நினைவு வரும். விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்பார்ன் 1940களில் பரப்பிய கூட்டுச் சிந்தனை முறையின் வாரிசு இது. 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து சொன்ன யோசனைகளைவிட, நான்கு பேர் தனித்தனியாக யோசித்து எழுதியதைக் கூட்டியபோது யோசனைகள் அதிகமாக வந்தன. 1987இல் டீல், ஸ்ட்ரோபே என்ற இருவர் காரணத்தைத் துருவினார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருப்பிலேயே யோசனை நழுவிவிடுகிறது.

ஆகவே முதலில் தனியாக எழுதட்டும், அப்புறம் கூடிப் பேசலாம். எழுதத் தயங்குபவர்களிடம் மெஷின் பக்கத்தில் நின்றே கேட்டு நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கக் கூடாது.

கேள்வியும் முக்கியம். "எப்படி மேம்படுத்தலாம்?" என்று கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான் பதில். நான் கேட்கச் சொல்வது இது: "இந்த வேலை நல்லா ஓடுறதுக்காக, வேலைமுறைச் சீட்டுல இல்லாம நீங்களா செய்யற விஷயம் என்ன?" ஒருவர் ஷிப்ட் தொடங்கியதும் முதல் பத்து ஷாட்டை (அச்சில் ஒரு தடவை அடித்தது ஒரு ஷாட்) தூக்கிப் போடுவதாகச் சொல்வார். இன்னொருவர் மழை நாளில், மெஷினுக்குள் பொருளைக் கொட்டும் ஹாப்பரின் மூடியை இறுக்கிக் கட்டுவார். வேறொருவர் ராத்திரி திறந்து கிடந்த ரீகிரைண்ட் மூட்டையைக் காலையில் தொடமாட்டார். மூன்றுமே ஈரத்தைப் பற்றிய தகவல்கள். பொருள் விற்பவர் தரும் எந்த டேட்டா ஷீட்டிலும் இவை கிடைக்காது.

இதையெல்லாம் அவர் ஏன் இதுவரை சொல்லவில்லை? சொன்னால் "விதிமுறையை மீறினாயா?" என்று கேட்பார்கள் என்ற பயம். ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தபோது, நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகமாகத் தவறு செய்தார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. மறைக்காமல் சொன்னார்கள், அவ்வளவுதான். ஆகவே உங்கள் குறிப்பில் பெயர் வேண்டாம், மெஷின் எண் போதும். ஒரு வாரத்துக்குள் பதிலும் சொல்லிவிடுங்கள், "செய்ய முடியாது, காரணம் இது" என்றாவது. பூட்டுப் போட்ட ஆலோசனைப் பெட்டியில் எனக்கு நம்பிக்கை கிடையாது. சாவி யாரிடம் என்பதே பல இடங்களில் யாருக்கும் தெரியாது.

"பார்க்கவே சரியில்லை" என்று தள்ளப்பட்டதையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். 1965இல் டூபாண்ட் ஆய்வகத்தில் ஸ்டெஃபானி க்வோலெக் தயாரித்த பாலிமர் கரைசல் வழக்கம்போல் கெட்டியாக, தெளிவாக இல்லாமல் மோர் மாதிரி நீர்த்துக் கலங்கலாக இருந்தது. நூற்புக் கருவியின் நுண்துளைகள் அடைத்துவிடும் என்று அதை இயக்கியவர் தயங்கினார். க்வோலெக் விடாமல் வற்புறுத்தி நூற்க வைத்தார். எடைக்கு எடை எஃகைவிடப் பல மடங்கு வலுவான கெவ்லார் இழைக்கு வழி திறந்தது அந்தக் கலங்கல்தான். இயக்கியவரின் தயக்கத்திலும் அர்த்தம் இருந்தது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும், துளை அடைத்தால் கழுவப் போவது அவர்தானே.

படி 3: எதை அளப்பது என்று முதலில் எழுதுங்கள்

"கிலோவுக்கு எவ்வளவு கரியமில வாயு?" என்று இரண்டு பொருள்களை ஒப்பிடுவது மிகப் பரவலான தப்பு. வாடிக்கையாளருக்கு வேண்டியது பொருள் செய்யும் வேலைதானே, எடை இல்லையே. வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீட்டுக்கான ஐ.எஸ்.ஓ. 14040, 14044 தரங்கள் அந்த வேலையைச் செயல்பாட்டு அலகு என்கின்றன. நம் பிராக்கெட்டுக்கு அது "குறிப்பிட்ட சுமையைப் பத்து ஆண்டு தாங்கும் ஒரு பிராக்கெட்" என்று இருக்கலாம். பாதி மாசில் செய்த துண்டு பாதி காலத்தில் உடைந்தால் லாபம் பூஜ்யம். கழற்றி மாட்டும் வேலைதான் கூடுதல்.

எஃகையும் அலுமினியத்தையும் வைத்துப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். எஃகின் மீள்மை எண் (விறைப்பின் அளவு) சுமார் 210 கிகாபாஸ்கல், அடர்த்தி நீரைப்போல் 7.85 மடங்கு. அலுமினியத்துக்கு 70, 2.7. இழுவிசை தாங்கும் கம்பி என்றால் மீள்மை எண்ணை அடர்த்தியால் வகுத்தால் போதும்: எஃகுக்கு 26.8, அலுமினியத்துக்கு 25.9. அதே விறைப்புக்கு எடையில் வித்தியாசமே இல்லை. ஆனால் வளையும் தகடு என்றால் விறைப்பு தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. அங்கே மீள்மை எண்ணின் கன மூலத்தைத்தான் அடர்த்தியால் வகுக்க வேண்டும். கணக்குப் போட்டால் அலுமினியத் தகடு 1.44 மடங்கு தடிமனாகவும் ஏறக்குறைய பாதி எடையாகவும் வரும். மைக்கேல் ஆஷ்பி பொருள் தேர்வுக்கு வகுத்த வரைபடங்களின் அடிப்படை இந்தக் கணக்குதான்.

எடை பாதியானாலும் தீர்ப்பு முடியவில்லை. தாதுவிலிருந்து எடுக்கும் அலுமினியம் மின்சாரத்தை விழுங்கும், மறுசுழற்சி அலுமினியத்துக்கு அந்த ஆற்றலில் ஏறக்குறைய 5 சதவீதம் போதும். ஓடும் வண்டியில் எடை குறைந்தால் ஆயுள் முழுக்க எரிபொருள் மிச்சம், தரையில் நிற்கும் இயந்திரத்தில் அந்த மிச்சம் கிடையாது. ஒரே தகடு ஓரிடத்தில் பசுமை, இன்னோரிடத்தில் இல்லை.

ஒரு பாதிப்பைக் குறைக்கும்போது இன்னொன்று கூடுவதையும் பதிவு செய்யுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுச் சாதனங்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியது. பாகங்களைப் பலகையில் ஒட்டவைக்கும் பழைய தகர-ஈயப் பற்றாசு (சால்டர்) 183 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்கு மாற்றாக வந்த தகரம், வெள்ளி, செம்புக் கலவைக்கு 217 டிகிரி வேண்டும். உலை கூடுதலாக எரியவேண்டியிருந்தது, பலகைகள் கூடுதல் சூட்டைத் தாங்கவேண்டியிருந்தது. ஈயம் நஞ்சு என்பதால் அந்த மாற்றம் சரி என்றே நினைக்கிறேன். கூடுதல் சூட்டின் கணக்கை மறைத்துவிட்டு "முழுப் பசுமை" என்று விளம்பரம் செய்தால்தான் எரிச்சல் வரும்.

படி 4: டேட்டா ஷீட்டை நம்புங்கள், ஆனால் அடிக்குறிப்பைப் படித்துவிட்டு

நைலான் டேட்டா ஷீட்டில் இரண்டு வரிசை எண்கள் இருக்கும். ஒன்று மோல்டிங் முடிந்த உலர் நிலையில் எடுத்தது, மற்றது ஈரம் ஏற்றிய பிறகு எடுத்தது. உலர்ந்த நைலான் விறைப்பாக, நொறுங்கும்படி இருக்கும். ஈரம் ஏறியதும் இளகி, அடி தாங்கும். ஒரு பொருளின் உலர் எண்ணையும் இன்னொன்றின் ஈர எண்ணையும் ஒப்பிட்டு முடிவெடுத்தவர்கள் இருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், உருக்கும் முன் இருக்கும் ஈரம் நைலானுக்கு எதிரி, துண்டானபின் வரும் ஈரம் அதற்கு நண்பன்.

படி 5: ஒவ்வொன்றாக மாற்றாதீர்கள்

"ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று" என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். தொழிற்சாலையில் அது பல தடவை ஏமாற்றும். வயல் சோதனைகளுக்காகப் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் உருவாக்கிய வழி, பல காரணிகளைத் திட்டமிட்டுச் சேர்த்தே மாற்றுவது.

நமக்கு மூன்று காரணிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலைகள்: உலர்த்தும் நேரம் 2 அல்லது 6 மணி, ரீகிரைண்ட் 0 அல்லது 30 சதவீதம், மோல்டு வெப்பநிலை 60 அல்லது 85 டிகிரி. எல்லாச் சேர்க்கையும் சேர்ந்து எட்டு ஓட்டம். இரண்டு தடவை செய்தால் பதினாறு, ஒழுங்காகத் திட்டமிட்டால் இரண்டு மூன்று நாள் வேலை.

ஏன் சேர்த்து மாற்ற வேண்டும்? கணக்கு புரிவதற்காக நானே போட்ட எண்கள் இவை. 2 மணி உலர்த்தியபோது ரீகிரைண்ட் கலக்காத புதிய நைலான் அடி தாங்கும் சோதனையில் 40 புள்ளி, 30 சதவீத ரீகிரைண்ட் கலந்தது 22 புள்ளி. இத்தோடு நிறுத்தினால் "ரீகிரைண்ட் குப்பை" என்று தீர்ப்பு எழுதிவிடுவோம். 6 மணி உலர்த்தியபோது புதியது 42, ரீகிரைண்ட் 38. இப்போது கதையே வேறு. அரைத்த துண்டுகள் ஒழுங்கற்று, மேற்பரப்பு கூடி, சீக்கிரம் ஈரம் குடிக்கும். நீண்ட நேரம் உலர்த்தும்போது லாபம் அவற்றுக்குத்தான் அதிகம். இரண்டு காரணிகள் ஒன்றையொன்று மாற்றும் இந்த உறவைத் தனித்தனி மாற்றம் காட்டவே காட்டாது. மிச்சமிருக்கும் 4 புள்ளி இடைவெளிக்கு வேறு காரணம் உண்டு. அரைக்கும்போதும் மெஷினின் திருகு வழியாகப் போகும்போதும் கண்ணாடி இழை நறுங்கிக் குட்டையாகிறது. அதை எந்த டிரையராலும் ஒட்டவைக்க முடியாது. ரீகிரைண்டுக்கு ஓர் உச்சவரம்பு வைப்பது இதனால்தான்.

எட்டு ஓட்டத்தின் வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். எளிதானதை முதலில், கடினமானதை மதியத்துக்கு மேல் என்று ஓட்டினால் மெஷின் சூடேறியதன் விளைவும் உங்கள் எண்ணில் கலந்துவிடும். மோல்டு வெப்பநிலையை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மாற்றுவது கட்டுப்படியாகாது, அது நிலைப்படவே நேரம் பிடிக்கும். அப்படியானால் அதை மட்டும் இரண்டு தொகுதியாக வைத்து, மறுநாள் தொகுதிகளின் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். புள்ளியியல் சுத்தம் கொஞ்சம் குறையும், வேலை நடக்கும். நடுநிலை ஒன்றையும், அதாவது 4 மணி, 15 சதவீதம், 72 டிகிரி, இடையிடையே ஓட்டுங்கள். கூட்டிக்கொண்டே போனால் நல்லதாகிக்கொண்டே போகும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நைலானைச் சூடான காற்றில் அளவுக்கு மீறி உலர்த்தினால் மஞ்சளாகிவிடும்.

படி 6: உடைப்பதிலும் ஒழுங்கு வேண்டும்

துண்டு மோல்டிலிருந்து வந்ததும் ஈரம் புகாத பையில் மூடிவிடுங்கள், அல்லது எல்லாவற்றையும் ஒரே ஈர நிலைக்குக் கொண்டுவந்த பிறகு சோதியுங்கள். திங்கட்கிழமைத் துண்டை அன்றே உடைத்து, வெள்ளிக்கிழமைத் துண்டை இரண்டு வாரம் கழித்து உடைத்தால், நீங்கள் அளப்பது வானிலையை. பையின்மேல் "புதியது", "ரீகிரைண்ட்" என்று எழுதாதீர்கள், குறியீட்டு எண் மட்டும் போதும். எது எது என்று தெரிந்தால் கருவியில் துண்டை வைக்கும் கைகூடச் சாய்ந்துவிடும்.

ஒவ்வொரு ஓட்டத்திலும் பத்துத் துண்டாவது உடையுங்கள். சராசரியைப் பார்க்கும் முன் மிகக் குறைந்த எண்ணைப் பாருங்கள். பொருளின் பலத்தை அதன் மிக மோசமான குறைபாடுதான் தீர்மானிக்கிறது என்ற அடிப்படையில் 1939இல் சுவீடன் பொறியாளர் வலோடி வெய்புல் முறிவுக் கணக்கை எழுதினார். சராசரி 40, ஆனால் ஒரு துண்டு 12 என்றால், வாடிக்கையாளர் கையில் உடையப் போவது அந்தப் பன்னிரண்டு. உடைந்த முகத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். குமிழியா, கலப்படத் தூசியா, இழை சேராத இடமா என்பது பெரும்பாலும் அங்கேயே தெரியும்.

படி 7: பசுமைக் கணக்கை அதே தாளில் போடுங்கள்

டிரையருக்கும் மோல்டிங் மெஷினுக்கும் தனித்தனி மீட்டர் மாட்டுங்கள். 6 மணி உலர்த்தினால் மின்சாரம் கூடும், அதை மறைக்க வேண்டாம். மறுபக்கம், ரிஜெக்ட் 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதத்துக்கு இறங்கியது என்று வைப்போம். 100 நல்ல துண்டுக்கு முன்பு 108.7 துண்டு அடிக்க வேண்டியிருந்தது, இப்போது 103.1. நூற்றுக்கு 5.6 துண்டின் உருக்கும் சூடு, நேரம், கையுழைப்பு மிச்சம். ரிஜெக்ட்டையெல்லாம் ஏற்கெனவே அரைத்துக் கலந்துகொண்டிருந்தால் பொருள் மிச்சம் அவ்வளவு பெரிதாக வராது. அதை இரண்டு தடவை எண்ணிவிடாதீர்கள்.

பெரிய லாபம் வேறிடத்தில் இருக்கிறது. நன்றாக உலர்த்தியதால் ரீகிரைண்டை நம்பிச் சேர்க்க முடிந்தால், அந்த அளவுக்குப் புதிய நைலான் வாங்குவது குறைகிறது. ஒரு கிலோ நைலானை உருவாக்கச் செலவாகும் ஆற்றலோடு ஒப்பிட்டால் அதை உலர்த்தும் மின்சாரம் மிகச் சிறியது.

இந்த வேலைக்காக மீட்டர் மாட்டும்போதே காற்றழுத்தக் குழாயையும் கவனியுங்கள். விடுமுறை நாளில், எல்லா மெஷினும் நின்றபின், கம்ப்ரெஸர் மட்டும் ஏன் அடிக்கடி ஓடுகிறது? கசிவு. அழுத்தத்தை ஒரு ‘பார்’ (அழுத்த அலகு) குறைத்தாலே கம்ப்ரெஸர் மின்சாரம் சுமார் 7 சதவீதம் இறங்கும் என்பது பொதுவான கணக்கு.

படி 8: பொருளையே மாற்ற வேண்டி வந்தால்

இவ்வளவுக்குப் பிறகும் சிக்கல் பொருளிலேயே இருக்கலாம். சிமென்ட் அப்படித்தான். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால், எரிபொருள் எவ்வளவு சுத்தமானாலும், 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லிலிருந்து 44 கிலோ கரியமில வாயு வந்தே தீரும். அது கல்லுக்குள்ளேயே இருப்பது. அங்கே அடுப்பைத் திருத்தினால் மட்டும் போதாது, கலவையை மாற்ற வேண்டும்.

சுவிட்சர்லாந்து, கியூபா, இந்திய ஆய்வாளர்கள் சேர்ந்து வளர்த்த எல்.சி.3 சிமென்ட்டில் கிளிங்கர் (சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு எடுக்கும் கட்டி) பாதிதான். மீதியில் சுட்ட களிமண் 30 சதவீதம், சுடாத சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5. களிமண்ணுக்கு 700 முதல் 850 டிகிரி போதும், கிளிங்கருக்கு 1450 வேண்டும். கரியமில வாயு 40 சதவீதம் வரை குறைகிறது. எனக்கு இதில் பிடித்தது வேதியியலைவிட அதன் பணிவு. பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் சூளை, அரவை இயந்திரத்தில் செய்யலாம், எங்கும் கிடைக்கும் களிமண் போதும். தொல்லைகளும் உண்டு. களிமண் நீரை அதிகம் கேட்பதால் கலவை இறுகும், அதற்கு இளக்கிகள் சேர்க்க வேண்டும். களிமண்ணில் இரும்பு இருந்தால் சிமென்ட் செம்மை தட்டும், சாம்பல் நிறம் பார்த்துப் பழகியவர்கள் முகம் சுளிப்பார்கள்.

உங்கள் புதிய பொருளுக்கும் இதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இப்போதுள்ள இயந்திரத்தில் ஓடுமா? தொடர்ந்து ஒரே தரத்தில் கிடைக்குமா? பார்ப்பவர் கண்ணுக்கு வித்தியாசமாகத் தெரிந்தால் யார் விளக்கம் சொல்வது? கடைசிக் கேள்வியைப் பொறியாளர்கள் அற்பம் என்று ஒதுக்குவார்கள். நிறத்துக்காக ஒரு லாட் முழுக்கத் திரும்பி வரும்போது அது அற்பமாகத் தெரியாது.

படி 9: லைனுக்குக் கொண்டுபோவது

ஒரு மெஷின், ஒரு ஷிப்ட், ஒரு மாதம் என்று ஆரம்பியுங்கள். படி 2-இல் ஹாப்பர் மூடியைப் பற்றிச் சொன்ன ஆப்பரேட்டர்தான் அந்த மெஷினில் நிற்க வேண்டும். புதிய வேலைமுறைச் சீட்டின் வாசகத்தை அவரே சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். ரீகிரைண்ட் மூட்டையில் அரைத்த நேரத்தை எழுதி ஒட்டுவது, திறந்து கிடந்ததை மறுபடி உலர்த்துவது போன்ற சின்ன விதிகள் அப்போதுதான் மூன்றாவது ஷிப்ட்டிலும் நிற்கும்.

வறண்ட மாதத்தில் வெற்றி கண்டால் உடனே எல்லா மெஷினுக்கும் விரிக்காதீர்கள். ஈரப்பதம் கூடிய மாதத்தில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்த பிறகு விரியுங்கள். தோற்ற ஓட்டங்களின் எண்களையும் அதே கோப்பில் வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு வருடத்தில் வேறொருவர் அதே தோல்வியைப் புதிதாகச் செய்து பார்ப்பார். அப்புறம், எட்டு ஓட்டத்திலிருந்தும் ஐந்தைந்து துண்டை உடைக்காமல் தேதி எழுதி எடுத்து வையுங்கள். ஒரு வருடம் கழித்து அவற்றையும் உடைத்து, கோப்பிலுள்ள எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.